நானாவாகிப் போன பிர்அவ்ன்

1998 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'த பிரின்ஸ் ஒஃப் ஈஜிப்ட்' என்ற கார்ட்டூன் இசைப்படம் ஒரு சிறு அறிவிப்போடு தொடங்குகிறது. இது யாத்திராகமக் கதையைத் தழுவியது, கலைக்காகவும் வரலாற்றுக்காகவும் சில சுதந்திரங்கள் எடுத்துக்கொண்டோம், ஆனாலும் உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் ஈமானுக்கு அடித்தளமான ஒரு கதையின் சாரத்தை விட்டு விலகவில்லை என்பது அதன் கருத்து. படத்தின் முடிவிலே மூன்று வேதங்களிலிருந்து மூஸா (அலை) அவர்களைப் பற்றிய வாசகங்கள் வருகின்றன. ஒன்று யூத வேதத்தின் உபாகமத்திலிருந்து, மற்றது புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளிலிருந்து. மூன்றாவது நம்முடையது: ஸூரா மர்யம், 51ஆவது வசனம்.

ஹொலிவூட்டின் பெருஞ்செலவுப் படமொன்று குர்ஆன் வசனத்தைத் தாங்கி வருவது அபூர்வம். அந்தப் படமே அடுத்த வருஷம் மாலைதீவிலும் மலேசியாவிலும் தடைசெய்யப்பட்டது. நபிமாரை உருவமாகக் காட்டக் கூடாது என்பதே மாலைதீவின் மார்க்கத் துறையினர் சொன்ன காரணம். மரியாதை செய்தவர்கள் ஒரு பக்கம், மறுத்தவர்கள் மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை செய்யப்படாமலே கிடந்துவிட்டது. அந்தப் படம் சொல்கின்ற கதை குர்ஆன் சொல்கின்ற கதையிலிருந்து எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்று நம்மவர்கள் உட்கார்ந்து பார்க்கவில்லை. தடையைப் பற்றிப் பேசினோம், படத்தைப் பற்றிப் பேசவில்லை.

தடை போட்டாலும் போடாவிட்டாலும் படம் வீட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் வீடியோ சீடீயில் வந்தது, பிறகு பிள்ளைகளின் கையிலுள்ள ஃபோனில் வந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் தமிழ்ப் பாடத்தில் 'ஆற்றில் விட்ட குழந்தை' என்ற உவமையை விளக்கப் போய், மூஸா நபியின் கதையைத் தொட்டேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், பிர்அவ்ன் மூஸா நபிட நானாதானே?" வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் தலையாட்டினார்கள். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள், ஆஷூரா நோன்பு ஏன் பிடிக்கிறோம் என்று கேட்டால் டக்கென்று சொல்லக்கூடியவர்கள். ஆனாலும் அவர்களுடைய மனதில் பிர்அவ்ன் ஒரு நானா. தம்பியோடு தேர் ஓட்டிப் பந்தயம் வைத்தவன், தம்பியைக் கண்டதும் கட்டிப்பிடித்தவன்.

இந்த நானா எங்கிருந்து வந்தார் என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க், ஜெஃப்ரி காட்சென்பேர்க், டேவிட் கெஃபன் ஆகிய மூவரும் 1994இல் ட்ரீம்வேர்க்ஸ் என்ற ஸ்டூடியோவை ஆரம்பித்தார்கள். காட்சென்பேர்க் அதற்கு முன் டிஸ்னியில் கார்ட்டூன் பிரிவை நடத்தியவர். அங்கேயே அவருக்கு இந்தக் கதை மேல் ஒரு கண் இருந்தது. புதிய ஸ்டூடியோவில் அது நிறைவேறியது. சுமார் 70 மில்லியன் டொலர் செலவு. இயக்குநர்கள் மூவர்: பிரெண்டா சாப்மன், ஸ்டீவ் ஹிக்னர், சைமன் வெல்ஸ். பெரிய ஸ்டூடியோவொன்றின் முழுநீள கார்ட்டூன் படத்தை இயக்கிய முதற்பெண் சாப்மன்தான். பாடல்கள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், பின்னணி இசை ஹான்ஸ் சிம்மர். மூஸாவுக்கு வெல் கில்மரும் ரம்ஸேஸுக்கு ரால்ஃப் ஃபைன்ஸும் குரல் கொடுத்தார்கள். படக்குழு எகிப்துக்குப் போய்க் கோயில்களையும் பாலைவனத்தையும் பார்த்து வந்தது. யூத, கிறிஸ்தவ, முஸ்லிம் அறிஞர்கள் நூற்றுக்கணக்கானோரிடம் ஆலோசனை கேட்டது. கடைசியில் வந்த குர்ஆன் வசனத்தை இந்த ஆலோசனைகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். உலகம் முழுக்க இருநூறு மில்லியன் டொலருக்கு மேல் வசூல், சிறந்த பாடலுக்கு ஒஸ்கார் விருது.

கலை என்ற அளவில் படம் சாமானியமானதல்ல. தான் யார் என்ற உண்மை தெரிய வந்த இரவில் மூஸா காணும் கனவை மட்டும் சொல்கிறேன். எகிப்தியச் சுவர்ச் சித்திரங்கள் உயிர்பெற்று அசைகின்றன. படை வீரர்கள் கைக்குழந்தைகளைப் பறித்து ஆற்றில் எறிகிறார்கள். எல்லாம் தட்டையான பக்கவாட்டு உருவங்கள்தான். விழித்தெழுந்து ஓடிப் போய்த் தீப்பந்தம் பிடித்துப் பார்த்தால் அதே காட்சி அரண்மனைச் சுவரில் வரைந்து கிடக்கிறது. கொலையைப் பெருமையாகச் சுவரில் எழுதி வைத்த ஒரு ஆட்சியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் இந்தப் படத்தை மறக்காததற்குக் காரணம் இருக்கிறது.

இனிக் கதைக்கு வருவோம்.

குழந்தையை ஆற்றிலிருந்து எடுத்தது யார்? யாத்திராகமத்தின் இரண்டாம் அத்தியாயப்படி பிர்அவ்னின் மகள். செசில் பி. டெமில் 1956இல் எடுத்த 'த டென் கொமாண்ட்மென்ட்ஸ்' படத்திலும் மகள்தான். குர்ஆனில், ஸூரா அல்கஸஸில், பிர்அவ்னின் மனைவி. 'த பிரின்ஸ் ஒஃப் ஈஜிப்ட்'டில் கூடையைத் திறப்பது மகளல்ல, பட்டத்து ராணி! இந்த ஓரிடத்தில் படம் பைபிளை விட்டு நம்முடைய கதைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் இதற்கான காரணம் கதையின் தேவை. ராணி எடுத்து வளர்த்தால்தான் மூஸாவும் பட்டத்து இளவரசனும் ஒரே தாயின் மடியில் வளர்ந்த சகோதரர்கள் ஆகலாம். மகள் எடுத்தால் மாமா, மருமகன் முறையாகிவிடும்.

இன்னுமோரிடம். மூஸா ஒரு எகிப்தியனைக் கொன்ற சம்பவம். யாத்திராகமத்தில் அவர் அங்குமிங்கும் பார்த்து, யாருமில்லை என்று கண்டு, அவனை அடித்துக் கொன்று மணலில் புதைக்கிறார். குர்ஆனில் கையால் ஒரு குத்து விடுகிறார், அவன் செத்துப் போகிறான். உடனே இது ஷைத்தானின் வேலை என்று வருந்தி, ரப்பிடம் மன்னிப்புக் கேட்கிறார், மன்னிப்பும் கிடைக்கிறது. படத்தில் முதிய அடிமையொருவரைச் சாட்டையால் அடிக்கும் காவலனைத் தடுக்கப் போய் மோத, அவன் உயரமான சாரத்திலிருந்து விழுந்து சாகிறான். கொல்லும் எண்ணம் இல்லை என்பதில் படம் நம் பக்கம். தவ்பா இல்லை என்பதில் நம் பக்கமில்லை. படத்தில் வருவது குற்ற உணர்ச்சி மட்டும்.

இரண்டு வேதங்களும் ஒன்றுபடும் ஒரு விஷயத்தைப் படம் தூக்கி வீசியிருக்கிறது. சகோதரி வழிகாட்ட, குழந்தை பெற்ற தாயிடமே திரும்பிப் போனது. ஸூரா தாஹாவும் அல்கஸஸும் இதைச் சொல்லும்போது தாயின் கண் குளிர்ந்தது என்பதை அழுத்திச் சொல்கின்றன. யாத்திராகமத்திலும் தாய்தான் கூலிக்குப் பாலூட்டுகிறாள். படத்தில் தாய் கூடையை ஆற்றில் விட்டு ஒரு தாலாட்டுப் பாடுவதோடு சரி. யெமன் நாட்டு யூதக் குடும்பத்தில் பிறந்த இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாஸாவின் குரல் அது. கேட்டால் நெஞ்சு கலங்கும். பிறகு அந்தத் தாயைக் காணவே மாட்டோம். மூஸாவுக்குத் தன் பிறப்பு தெரியக் கூடாது, தெரியும்போது அதிர வேண்டும், அதற்காகத் தாயைப் பலி கொடுத்துவிட்டார்கள்.

சரி, நானாவின் வரலாறு. யாத்திராகமத்தில் மூஸாவுக்கும் பிர்அவ்னுக்கும் சகோதர உறவு என்று ஒன்றில்லை. மூஸா மத்யனில் இருந்த காலத்தில் எகிப்தின் அரசன் இறந்துபோகிறான், அவர் திரும்பி வந்து சந்திப்பது வேறொரு அரசனை. இந்த இடைவெளியை நிரப்பியது சினிமாதான். டெமில் தன் படத்தில் ஸேத்தியை வளர்ப்புத் தந்தை ஸ்தானத்திலும் ரம்ஸேஸைப் போட்டியாளனாகவும் வைத்தார், சிம்மாசனத்துக்கும் ஒரு பெண்ணுக்கும் போட்டி. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு ட்ரீம்வேர்க்ஸ் அந்தப் பகையை எடுத்துவிட்டுப் பாசத்தை வைத்தது. பெயர்களும் அப்படித்தான். பைபிளும் குர்ஆனும் பிர்அவ்னின் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. இஸ்ராயீலர்கள் கட்டிய நகரங்களில் ஒன்றுக்கு ராமசேஸ் என்று யாத்திராகமம் பெயர் சொல்வதை வைத்துத்தான் இரண்டாம் ரம்ஸேஸ் என்ற ஊகம் வலுத்தது.

குர்ஆனில் நிலைமை வேறு. ஸூரா அஷ்ஷுஅராவில் மூஸா (அலை) தூதராக வந்து நிற்கும்போது, உன்னைக் குழந்தையாக இருக்கையில் எங்களோடு வைத்து வளர்க்கவில்லையா என்று பிர்அவ்ன் சொல்லிக் காட்டுகிறான். அதாவது வளர்த்தவனும் எதிர்த்தவனும் ஒருவனே என்பதுதான் அந்தப் பேச்சிலிருந்து எழும் காட்சி. முஃபஸ்ஸிர்கள் பலரும் அப்படித்தான் விளங்கினார்கள். சோறு போட்ட கணக்கை எடுத்துப் போடுகிறான் அவன். அதற்கு மூஸா (அலை) கொடுக்கும் பதில் என்ன? என் சமூகத்தையே அடிமையாக்கி வைத்துவிட்டு இதை ஒரு உபகாரமென்று சொல்லிக் காட்டுகிறாயா என்பது. நன்றிக்கடனா, நீதியா என்பதுதான் அங்கே உரசல். நானா தம்பி பாசம் இந்த உரசலை மழுக்கிவிடுகிறது. படத்தில் ரம்ஸேஸ் கெட்டவனல்ல, தகப்பனின் சொல்லுக்குப் பயந்தவன், வம்சச் சங்கிலியில் தான் பலவீனமான கண்ணியாகிவிடுவேனோ என்று அஞ்சுபவன். நானே உங்கள் மிக உயர்ந்த ரப்பு என்று சொன்ன குர்ஆனின் பிர்அவ்ன் இவனில்லை.

அந்த வீட்டுக்குள் நடந்த உண்மையான பிளவு கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் நடந்தது. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ஆசியா அம்மையாரை ஸூரா அத்தஹ்ரீம் ஈமான் கொண்டவர்களுக்கு உதாரணமாகக் காட்டுகிறது. அரண்மனையில் இருந்துகொண்டே பிர்அவ்னிடமிருந்தும் அவனுடைய செயலிடமிருந்தும் தன்னைக் காக்குமாறும் சுவனத்தில் ஒரு வீடு தருமாறும் கேட்டவர். மர்யம் (அலை) அவர்களோடு சேர்த்து ஹதீஸில் நிறைவடைந்த பெண்ணாகச் சொல்லப்படுபவர். படத்து ராணி மூஸாவை எடுக்கிறாள், உண்மை தெரிந்து கலங்கிய அவரிடம் நீ எங்களுக்குக் கிடைத்த கொடை என்று அன்பாகப் பேசித் தேற்றுகிறாள். அத்தோடு கதையிலிருந்து மறைந்து போகிறாள். தன் கணவன் சுவரில் எழுதி வைத்த கொலைகளைப் பற்றி அவளுக்கு ஒரு வசனமும் இல்லை. ஒரு பெண் இயக்குநர் பங்குகொண்ட படத்தில் மிர்யமும் ஸிப்போராவும் வலுவான பெண்களாக வந்தும், ஆசியா மட்டும் ஆசியாவாகவில்லை. அவரை எடுத்து வைத்தார்கள், முடிக்கவில்லை.

சூனியக்காரர்களுக்கும் இதே கதிதான். குர்ஆனில் அஃராப், தாஹா, ஷுஅரா மூன்று ஸூராக்களிலும் விரிவாக வரும் உச்சக் காட்சி அவர்களுடையது. கூலி எவ்வளவு என்று கேட்டு வந்தவர்கள், அஸா அவர்களுடைய வித்தையை விழுங்கியதும் ஸுஜூதில் விழுகிறார்கள். மாறுகால் மாறுகை வாங்குவேன், ஈச்ச மரத்தில் அறைவேன் என்று பிர்அவ்ன் மிரட்டியும் அசையவில்லை. வித்தை தெரிந்தவனுக்குத்தான் இது வித்தையல்ல என்று முதலில் தெரியும். பைபிளில் அவர்கள் ஒரு கட்டத்தில் இது கடவுளின் விரல் என்று ஒப்புக்கொள்வார்கள், அதற்கு மேல் போக மாட்டார்கள். படத்திலோ ஹோதெப், ஹூய் என்று இரண்டு கோமாளிகள். ஸ்டீவ் மார்ட்டினும் மார்ட்டின் ஷோர்ட்டும் குரல். எகிப்தியத் தெய்வங்களின் பெயர்களை அடுக்கி ஒரு பாட்டுப் பாடிப் பயம் காட்டுகிறார்கள், பிறகு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து ஓடுகிறார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். குர்ஆன் கதையின் முதல் ஷஹீதுகள் அங்கே இல்லை.

நம் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்காத வேறுபாடு இனித்தான் வருகிறது. படத்தின் துயர உச்சம் எகிப்தின் தலைப்பிள்ளைகள் ஒரே இரவில் இறப்பது. வெள்ளை ஒளியொன்று தெருத் தெருவாக ஊர்ந்து வீடுகளுக்குள் போகிறது, விளக்கு அணைவது போல மூச்சு அடங்குகிறது. ரம்ஸேஸ் மகனைத் தூக்கிக் கிடத்துகிறான், மூஸா வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து அழுகிறார். யாத்திராகமத்தில் இது பத்தாவது வாதை, யூதர்களின் பஸ்கா பெருநாளின் வேர். அல்குர்ஆனில் இந்தச் சம்பவம் இல்லை. பஞ்சமும் விளைச்சல் குறைவும், வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் என்று அஃராப் சொல்கிறது, ஒன்பது அத்தாட்சிகள் என்று பனூ இஸ்ராயீல் ஸூரா சொல்கிறது. தலைப்பிள்ளைகளின் மரணம் அவற்றுள் வராது. குர்ஆன் சொல்லும் இந்தக் கதையில் குழந்தைகளைக் கொன்றவன் பிர்அவ்ன் மட்டுமே. யூதர்களுடைய வேதத்தில் உள்ளதை அவர்கள் படமாக்கியதில் எனக்கு வழக்கில்லை. நம் பிள்ளை அதை நம் கதையென்று நினைத்து, அல்லாஹ் ஏன் டீச்சர் அந்தச் சின்னப் பிள்ளையள மௌத்தாக்கினான் என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

கடல் பிளந்த பின் ரம்ஸேஸ் சாகவில்லை. அலை அவனைப் பாறையில் எறிகிறது, தனியே நின்று மூஸாவின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். இதற்கும் ஒரு பரம்பரை உண்டு. பிர்அவ்ன் தப்பிப் போய் நினிவேயின் அரசனானான் என்று யூத மித்ராஷ் மரபில் ஒரு கதை இருக்கிறது. டெமிலின் படத்திலும் ரம்ஸேஸ் உயிரோடு அரண்மனைக்குத் திரும்புகிறான். குர்ஆன் இவ்விடத்தில் மிகத் தெளிவு. அவன் மூழ்குகிறான், மூழ்கும்போது ஈமான் கொண்டதாகச் சொல்கிறான், இப்போதா என்று கேட்கப்படுகிறது, பின்வருவோருக்கு அத்தாட்சியாக உடல் மட்டும் காக்கப்படுகிறது. ஸூரா யூனுஸை ஓதுகிற எவருக்கும் அந்த 'இப்போதா' காதில் அறையும். படத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, ஏனென்றால் அங்கே பிர்அவ்ன் இழப்பது தம்பியை.

இனித் தடையைப் பற்றி. உருவம் காட்டலாகாது என்ற நிலைப்பாட்டுக்குச் சினிமாவிலும் ஒரு வரலாறு உண்டு. 1926இல் எகிப்திய நடிகர் யூஸுஃப் வஹ்பி நபிகளாராக (ஸல்) நடிக்கப் போகிறார் என்ற செய்தி வந்தபோது அல்அஸ்ஹர் எதிர்த்தது, மன்னர் புஆத் குடியுரிமையைப் பறிப்பேன் என்று எச்சரித்தார், வஹ்பி விலகினார். 1976இல் முஸ்தஃபா அக்காத் 'த மெஸேஜ்' எடுத்தபோது நபிகளாரைக் காட்டவுமில்லை, குரலைக் கேட்கவிடவுமில்லை. கமராவே அவர் நிற்கும் இடத்தில் நின்றது. 2002இல் ரிச்சர்ட் ரிச் இயக்கிய 'முஹம்மத்: த லாஸ்ட் ப்ரொஃபெட்' என்ற கார்ட்டூன் படமும் இதே வழியில் போனது. யூஸுஃப் நபியின் கதையைத் தழுவி யூஸுஃப் ஷாஹீன் எடுத்த 'அல்முஹாஜிர்' படத்தில் நாயகனின் பெயரை ராம் என்று மாற்றியும் 1994இல் எகிப்திய நீதிமன்றம் அதை நிறுத்தியது, அடுத்த வருஷம் அந்தத் தடை நீங்கியது. ஆனால் இந்த வரலாறு நேர்கோடல்ல. ஈரானில் நபி யூஸுஃப் தொலைக்காட்சித் தொடரே வந்தது. 2004இல் 'த பேஷன் ஒஃப் த க்ரைஸ்ட்' ஈஸா (அலை) அவர்களைக் காட்டியும் கட்டாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் திரையிடப்பட்டது. பத்து வருஷம் கழித்து 'நோவா' அங்கேயே தடைசெய்யப்பட்டது. பின்னுக்குப் போனால், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீஸில் ரஷீதுத்தீன் எழுதுவித்த 'ஜாமிஉத் தவாரீக்' ஏட்டில், குழந்தை மூஸாவை நதியில் கண்டெடுக்கும் சித்திரம் இருக்கிறது. அந்த ஏடு இப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உள்ளது.

உருவத்தை மறுத்த நம் தமிழ் முஸ்லிம் மரபு சொல்லில் கஞ்சத்தனம் காட்டவில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடினார், வண்ணக்களஞ்சியப் புலவர் ஸுலைமான் நபிக்கு இராஜநாயகம் என்ற காப்பியமே செய்தார். நாட்டு வருணனை, நகர வருணனை என்று காப்பிய இலக்கணம் முழுவதையும் கொண்டுவந்து நபிமாரின் கதைக்குள் வைத்தார்கள். கிஸ்ஸாக்களை ராகம் போட்டுப் படித்த காலமும் இருந்தது. என் உம்மம்மாவுக்கு எழுத்து வாசனை குறைவு, ஆசியா அம்மையாரின் கதையை மட்டும் அவர் சொல்லி முடிக்கும்வரை விளக்கணைக்க விட மாட்டோம். 'பிரின்ஸ் ஒஃப் ஈஜிப்ட்' நம் வீட்டுக்கு வந்தபோது அது வந்து உட்கார்ந்த கதிரை காலியாகத்தான் இருந்தது. கதை சொல்லும் ஆள் எழும்பிப் போன பிறகு வந்த விருந்தாளி அது. அதைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்?

ஹாரூன் (அலை) அவர்களைப் பற்றி ஒன்று மிச்சம். குர்ஆனில் அவர் ஒரு நபி, மூஸாவே கேட்டு வாங்கிய துணை, தன்னைவிடத் தெளிவாகப் பேசுபவர் என்று மூஸாவே சொன்னவர். படத்து ஆரோன் பயந்தவர், தம்பியை நம்பாமல் குத்தலாகப் பேசுபவர், கடைசியில்தான் துணிகிறார். பிர்அவ்ன் முன் பேச அவர் வருவதேயில்லை. ரம்ஸேஸை நானாவாக்கியவர்கள் உண்மையான நானாவை மூலையில் நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை. படத்தின் கடைசிக் காட்சியில் மூஸா கற்பலகைகளோடு மலையில் நிற்கிறார், கீழே சமூகம் காத்திருக்கிறது. இசை உயர்கிறது, படம் முடிகிறது. இரண்டு வேதங்களிலும் அந்த மலையடிவாரத்தில்தான் காளைக்கன்று செய்யப்படுகிறது. யாத்திராகமத்தில் அதைச் செய்து கொடுப்பவர் ஆரோன். ஸூரா தாஹாவில் செய்தவன் ஸாமிரி, ஹாரூன் (அலை) தடுத்துப் பார்த்தவர். கோபத்தோடு இறங்கி வந்த மூஸா (அலை) தாடியையும் தலையையும் பிடித்தபோது, என் தாயின் மகனே என்று அழைத்து, பனூ இஸ்ராயீலைப் பிரித்துவிட்டாய் என்று நீ சொல்வாயோ என அஞ்சினேன் என்று விளக்கம் சொன்னவர். கோபமும் பாசமும் கலந்த அந்தப் பேச்சு இரு சகோதரர்களுக்கு இடையில் நடந்தது. அதைப் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் சொல்லவில்லை.